ஒரு பஜனை, இரண்டு கடிகாரம்: ஆர்பெஜியோவையும் டிரம் பேட்டர்னையும் ஒன்றாக ஓட்டுவது எப்படி?

நம் இளைஞர்களில் பலர் கோயில் பஜனையில் கீபோர்டு வாசிக்கிறோம். சுருதி பிடிப்பது, கார்ட் போடுவது எல்லாம் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொள்கிறோம். ஆனால் கீபோர்டில் 'ஆர்ப்' என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை அமுக்கியதும் நாம் பிடித்த கார்டைத் தானே பிரித்துப் பிரித்து வாசிக்குமே, அதைப் பற்றி யாரும் முறையாகச் சொல்லித் தருவதில்லை. கேட்க அழகாக இருக்கும். தாளத்தோடு சேராவிட்டால் பஜனையையே கெடுத்துவிடும். நான் கெடுத்திருக்கிறேன். அதனால்தான் இந்தப் பாடம்.

அன்று நடந்தது

போன நவராத்திரியில் ஓர் இரவு. அக்கா ஒருவர் பாட, எங்கள் தபேலா அண்ணன் வாசிக்க, பக்கத்தில் ஒரு நண்பர் ரிதம் பேடில் டிரம் பேட்டர்னை ஓட்டிக்கொண்டிருந்தார். வேகம் 96 பிபிஎம். நான் கீபோர்டில் ஆர்பெஜியோ. பல்லவி நன்றாகப் போனது. சரணத்தில் ஒலியை மாற்றலாம் என்று அடுத்த பேட்சுக்குப் போனேன். அங்கிருந்து ஏதோ ஒன்று சரியில்லை. சேர்ந்தது போல இருக்கும், உடனே விலகும். மறுபடி சேரும், மறுபடி விலகும். அக்கா இரண்டு இடத்தில் தயங்கினார். தபேலா அண்ணன் இழுத்துப் பிடிக்கப் பார்த்தார், பிறகு வேகம் கூட்டிப் பார்த்தார். எப்படியோ பாட்டு முடிந்தது.

பிரசாதம் வாங்கும்போது கமிட்டியில் ஒருவர், "அண்ணே, தபேலா கொஞ்சம் ஓடுதே இன்னைக்கு" என்றார். அண்ணன் மறுத்துப் பேசவில்லை. "வயசாச்சு தம்பி. கை நிக்க மாட்டேங்குது" என்றார். கீபோர்டு இயந்திரம், இயந்திரம் தப்புப் பண்ணாது என்ற நினைப்பில் நானும் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அவர்மேல்தான் சந்தேகம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணன் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. "சின்னப் பசங்க யாராவது வாசிக்கட்டும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்தக் கோயிலில் வாசிக்கிறவர் அவர்.

அந்த இரவின் பதிவு என் கைப்பேசியில் இருந்தது. ஹாஸ்டலில் ஒருநாள் அதை மடிக்கணினியில் ஏற்றி, ஒலி அலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டிரம் பேட்டர்னில் 32 தட்டு போக 20 வினாடி. சரி, 96 பிபிஎம்முக்கு அதுதான் கணக்கு. சரணத்தில் என் ஆர்பெஜியோவை அளந்தேன். அதே 32 தட்டுக்கு 19.8 வினாடிக்குக் கொஞ்சம் குறைவு. மறுபடி அளந்தேன். மாறவில்லை. கீபோர்டைத் திறந்து அந்தப் பேட்சைப் பார்த்தேன். டெம்போ 97. வீட்டில் வேறு ஏதோ பாட்டுக்கு வாசித்துப் பழகியபோது நானே சேமித்து வைத்தது.

ஓடியது தபேலா அல்ல. என் கீபோர்டு.

ஒரு எண் வித்தியாசம் என்ன செய்யும்?

96-க்கும் 97-க்கும் ஒன்றுதானே வித்தியாசம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிபிஎம் என்றால் ஒரு நிமிடத்தில் எத்தனை தட்டு என்பது. ஒரு நிமிடம் 60,000 மில்லிவினாடி. அதைப் பிபிஎம்மால் வகுத்தால் ஒரு தட்டின் நீளம் கிடைக்கும்.

96 பிபிஎம்: ஒரு தட்டு 625 மில்லிவினாடி.
97 பிபிஎம்: ஒரு தட்டு சுமார் 618.6 மில்லிவினாடி.

ஒரு தட்டுக்கு 6.4 மில்லிவினாடிதான் வித்தியாசம். ஒரு தட்டில் யாருக்கும் கேட்காது. ஆனால் அது சேர்ந்துகொண்டே போகும். ஒரு நிமிடத்தில் ஒரு முழுத் தட்டு முன்னால் போய்விடும்.

இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. ஆர்பெஜியோ 1/16 வேகத்தில் ஓடினால் ஒரு தட்டுக்கு நான்கு சுரம் விழும். ஒரு நிமிடத்தில் ஒரு தட்டு முந்துகிறது என்றால் 15 வினாடியில் ஒரு சுரம் முந்தும். அப்போது என்ன ஆகும்? ஆர்பெஜியோவின் ஒரு சுரம் டிரம்மின் தட்டோடு மறுபடி சரியாகப் பொருந்திவிடும். பொருந்துவது தப்பான சுரம்தான், ஆனால் காதுக்குச் சேர்ந்துவிட்டது போல இருக்கும். நடுவில், ஏழரை வினாடியில், அரைச் சுரம் விலகி 78 மில்லிவினாடி இடைவெளியில் டிரம்மும் ஆர்ப்பும் இரண்டு இரண்டாகத் தட்டும். சேர்வது, விலகுவது, சேர்வது. அன்றைக்கு நாங்கள் கேட்டது இதைத்தான்.

மின்பொறியியல் படிப்பவர்களுக்கு இது தெரிந்த கதை. ஆய்வுக்கூடத்தில் ஒரு ஜெனரேட்டரை 50 ஹெர்ட்ஸ் மின்கட்டமைப்போடு இணைக்கும் முன் மூன்று விளக்குகளை நடுவில் மாட்டிப் பார்ப்போம். அதிர்வெண் கொஞ்சம் வேறுபட்டால் விளக்குகள் எரிந்து அணைந்து எரிந்து அணையும். 50-க்கும் 50.5-க்கும் நடுவே என்றால் இரண்டு வினாடிக்கு ஒருமுறை. விளக்கு அணைந்த நொடி மட்டும் பார்த்தால் எல்லாம் சரி என்று தோன்றும். மறுபடி எரியும்போதுதான் தெரியும், இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றவில்லை என்று.

பெரிய வித்தியாசம் இருந்திருந்தால் உடனே கண்டுபிடித்திருப்போம். சின்ன வித்தியாசம் என்பதால்தான் பழி மனிதர்மேல் போனது. இயந்திரம் அவ்வப்போது சேர்ந்துவிடுகிறது. நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டையும் சமாளிக்கப் பார்த்தவர் 'ஓடுகிறவர்' ஆகிவிட்டார்.

முதல் விதி: கடிகாரம் ஒன்றுதான்

சுருதி மாதா, லயம் பிதா என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஒரு பாட்டுக்கு இரண்டு லயம் இருக்க முடியாது. அதனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இந்தப் பாட்டுக்குக் காலம் காட்டுவது யார்?"

ஆர்பெஜியோவும் டிரம் பேட்டர்னும் ஒரே கீபோர்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. இரண்டும் ஒரே டெம்போவைப் பார்த்துத்தான் ஓடும். அப்போதும் என்னைப் போல மாட்டிக்கொள்ளலாம். பல கீபோர்டுகள் ஒவ்வொரு பேட்சோடும் அதன் டெம்போவையும் சேமித்து வைக்கும். பேட்ச் மாற்றினால் டெம்போவும் சேர்ந்து மாறும். ஒரு பாட்டுக்குப் பயன்படுத்தும் எல்லாப் பேட்சுகளையும் ஒரே டெம்போவில் மறுபடி சேமித்து வையுங்கள். டெம்போவைப் பூட்டி வைக்கும் வசதி உங்கள் கீபோர்டில் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். பாட்டு தொடங்கும் முன் ஒவ்வொரு பேட்சுக்கும் போய்த் திரையில் எண்ணைப் பார்ப்பது அரை நிமிட வேலை.

டிரம் பேட்டர்ன் வேறு கருவியில் இருந்தால், இரண்டிலும் 96 என்று வைப்பது போதாது. திரையில் தெரியாத புள்ளிக்குப் பின் எண் ஒன்று ஒளிந்திருக்கலாம். பேட்ச் மாறலாம். யாராவது குமிழியைத் தட்டிவிடலாம். கேபிள் போட்டு ஒன்றை ஒன்று கேட்க வைக்க வேண்டும்.

அதற்குத்தான் மிடி. 1983-இல் வந்த இந்தப் பொது மொழிக்கு முன்னால் ஆளுக்கொரு வழி. ரோலண்ட் கருவிகள் ஒரு தட்டுக்கு 24 துடிப்பு அனுப்பும், கோர்க் கருவிகள் 48 துடிப்பு அனுப்பும். ஒன்றோடு ஒன்று பேசாது. ரோலண்ட் நிறுவனர் இக்குதாரோ காக்கேஹாஷியும் சீக்வென்ஷியல் சர்க்கியூட்ஸ் டேவ் ஸ்மித்தும் முன்னின்று, போட்டி நிறுவனங்களை ஒரே மொழி பேச வைத்தார்கள். அதற்காக 2013-இல் இருவருக்கும் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது. இன்றும் நம் கோயில் கீபோர்டின் பின்னால் இருக்கும் ஐந்து ஊசி ஓட்டை அவர்கள் கொடுத்ததுதான்.

மிடி கடிகாரம் ஒரு தட்டுக்கு 24 துடிப்பு அனுப்பும். 96 பிபிஎம்மில் 26 மில்லிவினாடிக்கு ஒரு துடிப்பு. கேட்கிற கருவி எண்ணிக்கொள்ளும்: 24 துடிப்புக்கு ஒரு தட்டு, 12-க்கு 1/8 சுரம், 6-க்கு 1/16 சுரம், 8-க்கு மூன்றாகப் பிரித்த ஒரு சுரம். அனுப்புகிறவர் வேகத்தைக் கூட்டினால் துடிப்பு நெருங்கும், கேட்கிறவரும் கூடவே வருவார்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. காலம் காட்டும் கருவியின் மிடி அவுட்டிலிருந்து மற்றதன் மிடி இன்னுக்குக் கேபிள் போடுங்கள். அவுட்டிலிருந்து அவுட்டுக்குப் போட்டால் ஒன்றும் நடக்காது.
2. காலம் காட்டும் கருவியில் 'கிளாக் அவுட்' அல்லது 'சிங்க் அவுட்' என்பதை ஆன் செய்யுங்கள்.
3. கேட்கும் கருவியில் கிளாக் சோர்ஸை 'இன்டர்னல்' என்பதிலிருந்து 'மிடி' அல்லது 'எக்ஸ்டர்னல்' என்று மாற்றுங்கள். யுஎஸ்பி வழியாக இணைத்தால் 'யுஎஸ்பி' என்று இருக்கும்.
4. காலம் காட்டும் கருவியில் டெம்போவை மாற்றிப் பாருங்கள். கேட்கும் கருவியின் ஆர்ப் கூடவே மாறினால் வேலை முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. பிறகு வேறு இடத்தில் கேபிள் இல்லாமல் கீபோர்டை மட்டும் வாசிக்கப் போனால், சோர்ஸ் இன்னும் 'எக்ஸ்டர்னல்' என்றே இருக்கும். ஆர்ப் ஓடாது. "கீபோர்டு செத்துப்போச்சு" என்று பதற வேண்டாம். வராத துடிப்புக்காக அது காத்திருக்கிறது. 'இன்டர்னல்' என்று திருப்பி வையுங்கள். 'ஆட்டோ' என்ற தேர்வு இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டாம் விதி: வேகம் ஒன்றானாலும் தொடக்கமும் ஒன்றாக வேண்டும்

இரண்டு பேர் ஒரே வேகத்தில் நடக்கலாம். ஒருவர் இடது காலும் மற்றவர் வலது காலும் எடுத்து வைத்தால் அணிவகுப்பு ஆகாது. ஆர்ப்பும் அப்படித்தான்.

கீபோர்டில் 'கீ சிங்க்' அல்லது 'கீ டிரிகர்' என்ற ஒரு தேர்வைத் தேடுங்கள். அது ஆன் என்றால், நீங்கள் கார்டைத் தொட்ட நொடியிலிருந்து ஆர்ப் முதல் சுரத்தில் தொடங்கும். விரல் 50 மில்லிவினாடி தாமதமானால் ஆர்ப் முழுவதும் 50 மில்லிவினாடி தாமதமாகவே ஓடும், அடுத்த கார்டு வரை. தனியாக வாசிக்கும்போது இது நல்லது. டிரம்மோடு வாசிக்கும்போது ஆபத்து. ஆஃப் என்றால், ஆர்ப் தன் கட்டத்திலேயே நிற்கும். விரல் கொஞ்சம் முன்பின் ஆனாலும் சுரம் சரியான இடத்தில் விழும். ஆனால் வரிசையின் நடுவிலிருந்து தொடங்கக்கூடும்.

சில கீபோர்டுகளில் இதற்கு நடுவழி உண்டு. நீங்கள் தொட்டதும் உடனே தொடங்காமல், அடுத்த தட்டு வரும்வரை காத்திருந்து முதல் சுரத்திலிருந்து தொடங்கும். இருந்தால் அதையே வையுங்கள். கார்டைத் தட்டுக்குக் கொஞ்சம் முன்பாகவே பிடித்துப் பழகுங்கள். பேருந்து வருவதற்கு முன் நிறுத்தத்தில் நிற்பது மாதிரி.

மூன்றாம் விதி: சுர எண்ணிக்கை தாளத்தோடு பொருந்த வேண்டும்

வேகமும் தொடக்கமும் சரி. ஆனாலும் ஏதோ உருளுவது போல இருக்கிறதா? சுரங்களை எண்ணிப் பாருங்கள்.

ச-க-ப என்று மூன்று சுரம் பிடித்து, மேல்நோக்கி மட்டும் 1/16-இல் ஓட விட்டால் மூன்று மூன்றாகச் சுற்றும். 4/4 டிரம் பேட்டர்னில் ஒரு பாருக்கு 16 இடம். 16 மூன்றால் வகுபடாது. 48 இடம் போன பிறகு, அதாவது மூன்று பார் கழித்துத்தான் 'ச' மறுபடி முதல் தட்டில் விழும். சினிமாப் பாட்டில் இது ஓர் அழகு. கூட்டமாகப் பாடும் பஜனையில் பாடுகிறவர்களுக்குச் சமம் எங்கே என்று புரியாது.

தாளத்துக்கு ஏற்ப இப்படி வையுங்கள்:

ஆதி தாளம், கெஹர்வா: நான்கு சுர வரிசை. ச-க-ப-மேல் ச என்று பிடியுங்கள். அல்லது மூன்று சுரத்தை 'மேலும் கீழும்' என்ற முறையில் விடுங்கள், ச-க-ப-க என்று நான்காகும். சில கீபோர்டுகள் ஓரச் சுரங்களை இரண்டு முறை வாசித்து ஆறாக்கும். காதால் எண்ணி உறுதி செய்துகொள்ளுங்கள்.

ரூபகம், தாத்ரா: மூன்று சுரம், மேல்நோக்கி. டிரம் பேட்டர்ன் 3/4 அல்லது 6/8-இல் இருக்க வேண்டும்.

கண்ட சாபு: ஐந்து சுரம். மோகனத்தின் ச-ரி-க-ப-த இதற்கு அழகாகப் பொருந்தும். டிரம் பேட்டர்ன் 5/8-ஆக இருக்க வேண்டும்.

மிசிர சாபு: ஏழு சுரம், 3+2+2 என்று. 'ஹோல்டு' போட்டு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். அல்லது கீபோர்டில் சொந்த ஆர்ப் வரிசை எழுத முடிந்தால் நீளத்தை 7 என்று வையுங்கள். 7/8 பேட்டர்ன் இல்லாத கீபோர்டில் ஆர்ப்பை அணைத்துவிட்டு வெறும் கார்டு பிடிப்பதே மேல்.

'ரேட்' பட்டியலில் 1/8, 1/16, மூன்றன் பிரிவு எல்லாம் இருக்கும். ஐந்தாகவோ ஏழாகவோ பிரிக்கும் ரேட் பெரும்பாலும் இருக்காது. 24 என்ற எண்ணைப் பாருங்கள். நான்கால் வகுபடும், மூன்றால் வகுபடும். சதுச்ர நடைக்கும் திச்ர நடைக்கும் இடம் இருக்கிறது. ஐந்தாலும் ஏழாலும் ஒன்பதாலும் வகுபடாது. அதனால்தான் கண்டத்தையும் மிசிரத்தையும் ரேட்டில் தேடாமல் வரிசையின் நீளத்தில் கொண்டுவருகிறோம்.

இன்னொன்று 'ஸ்விங்'. டிரம் பேட்டர்ன் குதித்துக் குதித்துப் போகும் நடையில் இருந்து, ஆர்ப் நேராக ஓடினால் இரண்டும் மோதும். 120 பிபிஎம்மில் நேர் நடையின் இரண்டாவது 1/8 சுரம் 250-ஆவது மில்லிவினாடியில் விழும். முழுக் குதி நடையில் அது 333-இல் விழும். 83 மில்லிவினாடி இடைவெளி யாருக்கும் கேட்கும். இரண்டிலும் ஸ்விங் அளவை ஒன்றாக வையுங்கள். டிலே எஃபெக்ட் போட்டிருந்தால் அதையும் டெம்போவோடு இணைத்துவிடுங்கள்.

நான்காம் விதி: மனிதர் வாசித்தால் இயந்திரம் பின்னால் வரட்டும்

பஜனை நேராக ஓடும் வண்டி அல்ல. மெதுவாகத் தொடங்கும், கூட்டம் சேரச் சேரக் காலம் ஏறும், கடைசியில் துரித காலத்தில் முடியும். 96-இல் ஆரம்பித்து 96-இல் முடிந்தால் அது பஜனை மாதிரியே இருக்காது. இங்கேதான் ஆர்ப் நம்மைக் கைவிடும். பாடுகிறவர்களின் உற்சாகம் அதற்குக் கேட்காது.

வழிகள் மூன்று. ஒன்று, 'டேப் டெம்போ' பொத்தான். தபேலாவைக் கேட்டு நான்கு அல்லது எட்டு முறை தட்டினால் கீபோர்டு சராசரி எடுத்து வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். காலம் ஏறும்போதெல்லாம் மறுபடி தட்ட வேண்டும். கால் பெடலுக்கு அதை மாற்றிக்கொள்ள முடிந்தால் கை காலியாக இருக்கும். இரண்டு, ரிதம் பேடைக் காலம் காட்டும் கருவியாக வைத்து, அதைத் தபேலா வாசிப்பவரின் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பது. மூன்று, காலம் ஏறத் தொடங்கியதும் ஆர்ப்பை அணைத்துவிட்டு வெறும் கார்டு பிடிப்பது. மூன்றாவதுதான் எளிது. அதைச் செய்ய நமக்குக் கொஞ்சம் அடக்கம் வேண்டும், அவ்வளவுதான்.

ஒலி வரும் தூரத்தையும் மறக்காதீர்கள். ஒலி 10 மீட்டர் கடக்கச் சுமார் 29 மில்லிவினாடி ஆகும். மண்டபத்தின் மூலையில் இருக்கும் ஸ்பீக்கரைக் கேட்டு வாசிக்காதீர்கள். பக்கத்தில் ஒரு சின்ன மானிட்டர் வையுங்கள். புளூடூத் ஸ்பீக்கரோ ஹெட்போனோ வேண்டவே வேண்டாம், அதன் தாமதம் 100 மில்லிவினாடிக்கு மேலும் போகும். அன்றைக்கு என் மானிட்டரில் என் கீபோர்டு மட்டும்தான் பலமாகக் கேட்டது. டிரம்மும் தபேலாவும் சரியாகக் கேட்டிருந்தால் தப்பு யாருடையது என்று எனக்கு மேடையிலேயே தெரிந்திருக்கும்.

வீட்டுப் பயிற்சி

முதல் நாள்: ஆர்ப் இல்லாமல் டிரம் பேட்டர்னை மட்டும் ஓடவிட்டு, கையால் தாளம் போட்டு ஐந்து நிமிடம் பாடுங்கள். சமம் எங்கே என்று உடம்புக்குத் தெரிய வேண்டும்.

இரண்டாம் நாள்: நான்கு சுர ஆர்ப், 1/8 வேகம், 80 பிபிஎம். பாருக்கு ஒரு கார்டு மாற்றுங்கள். கீ சிங்க்கை ஆன் செய்தும் ஆஃப் செய்தும் வித்தியாசத்தைக் கேளுங்கள்.

மூன்றாம் நாள்: அதையே 1/16-இல். பிறகு வேண்டுமென்றே மூன்று சுரம் வைத்து, மூன்று பார் கழித்து 'ச' சமத்தில் விழுவதை எண்ணிப் பிடியுங்கள்.

நான்காம் நாள்: வேறு ஒரு கருவியில் டிரம் பேட்டர்னை 96-இலும் கீபோர்டை 97-இலும் கேபிள் இல்லாமல் ஓடவிடுங்கள். 15 வினாடிக்கு ஒருமுறை சேர்ந்து விலகுவதைக் கேளுங்கள். அந்த ஒலியை ஒருமுறை காதில் வாங்கிவிட்டால் மேடையில் உடனே அடையாளம் தெரியும்.

ஐந்தாம் நாள்: கைப்பேசியில் பதிவு செய்து 32 தட்டு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்து பாருங்கள். 96 பிபிஎம் என்றால் சரியாக 20 வினாடி வர வேண்டும்.

அண்ணன் வீட்டில்

கணக்கெல்லாம் புரிந்தது. ஆனால் அண்ணனிடம் போய்ச் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது. அன்றைக்குச் சும்மா நின்றதுதான் தொண்டையை அடைத்தது. கடைசியில் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பதிவைப் போட்டுக் காட்டினேன். இது டிரம், இது தபேலா, இது என் கீபோர்டு என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். "அண்ணே, ஓடுனது நீங்க இல்ல. நான்தான்" என்றேன்.

அவர் நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், "அப்ப என் கை நல்லாத்தான் இருக்கா?"

அந்தக் கேள்வியைக் கேட்டபோதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு முழுதாகப் புரிந்தது. மூன்று வாரமாக அவர் தன் கையையே சந்தேகப்பட்டிருக்கிறார்.

அந்த வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னிலையிலும் நடந்ததைச் சொன்னேன். அன்று தபேலா ஓடுகிறது என்று சொன்னவரே எழுந்துபோய் அண்ணனுக்கு இடம் ஒதுக்கினார். இப்போது ரிதம் பேட் அண்ணனின் இடப்பக்கம் இருக்கிறது. கேபிள் அங்கிருந்து என் கீபோர்டுக்கு வருகிறது. வேகத்தை அவர்தான் வைக்கிறார். காலம் ஏறப் போகிறது என்றால் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார், நான் ஆர்ப்பை அணைத்துவிடுவேன்.

நடராசர் திருமேனியைப் பார்த்திருப்பீர்கள். மேலே தூக்கிய வலக்கையில் உடுக்கை. ஒரு கையில் ஒரே ஒரு உடுக்கை. அந்த ஒரு தாளத்துக்குத்தான் மொத்த ஆட்டமும். அடுத்த முறை ஆர்ப் பொத்தானை அமுக்கும் முன், உங்கள் குழுவில் உடுக்கை யார் கையில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பஜனை எங்காவது இடித்தால் முதலில் உங்கள் திரையில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். பக்கத்தில் வாசிப்பவரைப் பிறகு பார்க்கலாம்.